மூன்றாவது வருடத்துப் பால்குடம்

1

இந்த வருடமும் குடிநுழைவு அலுவலகத்தில் அதே கேள்வியைக் கேட்டார்கள். இந்த நாட்டில் தங்கியிருப்பதன் நோக்கம் என்ன?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். விசா நீட்டிப்புக்கு நான் கொடுத்த தாள்களைப் புரட்டியபடி, "துஜுவான்?" என்றாள். நோக்கம் என்பதற்கு மலாய்ச் சொல் அது. பக்கத்தில் நின்ற என் கணவர் சேகரைக் கைகாட்டி, "இவர்தான்" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சேகர் சிரிக்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் சிரித்தால் வேலை கெட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை.

திருமணமாகி இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நிரந்தர வசிப்புரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்காமல் இருப்பது என் சோம்பேறித்தனம். அலுவலகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. நீ எதற்காக இங்கே இருக்கிறாய் என்று ஒரு நாடே கூப்பிட்டு வைத்துக் கேட்கிறது. தத்துவம் படித்தவளுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

ஆம், தத்துவம்தான். திருச்சியில் முதுகலை. வகுப்பில் மொத்தமே நாங்கள் நாலு பேர், அதில் ஒருத்திக்கு வேறு பாடம் கிடைக்காமல் வந்த வருத்தம் கடைசிவரை இருந்தது. எனக்கு அப்படி இல்லை. இருத்தலியல் பாடம் வந்த பருவத்தில் சாப்பாடுகூட மறந்துபோகும். வாழ்க்கைக்கு முன்கூட்டியே எழுதி வைத்த அர்த்தம் எதுவும் கிடையாது, நாம் தேர்ந்தெடுத்துச் செய்வதுதான் அர்த்தமாகிறது, அந்தத் தேர்வின் பொறுப்பை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. இதைப் படித்துவிட்டு விடுதி மொட்டைமாடியில் நடக்கும்போது காற்றே வேறு மாதிரி இருந்தது. பிறகு ஜாதகம் பார்த்து, பொருத்தம் பார்த்து, யாரோ தேர்ந்தெடுத்த மாப்பிள்ளையோடு புஞ்சாக் ஆலாமுக்கு விமானம் ஏறினேன். நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் அந்தப் பெண்ணின் கேள்வி மட்டும் இல்லை. அலுவலகத்திலிருந்து வெளியே வந்து வண்டியில் ஏறும்போது சேகரின் கைப்பேசி அடித்தது. அழைத்தது அவருடைய அக்கா அஞ்சலை. ஒரே ஒரு செய்தி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"இந்த ஆடிக்கு நான் பால்குடம் எடுக்கறேன்."

சேகர் சாவியைப் போட்டார், வண்டியைக் கிளப்பாமல் மறுபடி வெளியே எடுத்தார்.

2

அஞ்சலை அண்ணி ராவாங்கில் கையுறை தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எங்கே போனாலும் அந்த இடத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்ளும் சுபாவம். நான் வந்த புதிதில் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய், மீன்காரரிடம் சண்டை போடுவது எப்படி என்று செய்து காட்டியவர் அவர்தான். மீன்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் பயப்படுகிறார். நான் ஒன்றும் செய்ததில்லை, எல்லாம் அவரோடு போன தோஷம்.

அவருடைய கணவர் மணியம் அண்ணன் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டினார். சாது. வீட்டுக்குள் நுழையும்போதே "பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். திருச்சியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அப்படியே கேட்டு, ஆட்டோக்காரரிடம் "ஜாலான் முனையில நிறுத்துங்க லா" என்று தெருவுக்கு மலாய்ச் சொல்லையும் போட்டுச் சொல்லி, அவள் பிள்ளைகள் என்னை ஒரு வாரம் ஓட்டித் தள்ளினார்கள்.

மணியம் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. கோலசிலாங்கூரில் ஒரு மையத்தில் ரத்தச் சுத்திகரிப்பு தொடங்கியது. அந்த வாரமே அண்ணி தோட்டத்து மாரியம்மன் முன்னால் போய் நின்றார். "ஆத்தா, இவர எழுப்பி விட்டுரு. மூணு வருசம் பால்குடம் எடுக்கறேன்."

எங்கள் திருச்சிப் பக்கத்தில் கேட்டது கிடைத்த பிறகுதான் பெரும்பாலும் மொட்டை, காதுகுத்து எல்லாம். சரக்கு கைக்கு வந்த பிறகு காசு. இங்கே நான் பார்த்த பலர் முன்னாலேயே தூக்கத் தொடங்கிவிடுகிறார்கள், அதுவும் தொடர்ந்து மூன்று வருடம். முதலில் எனக்கு அது ஏமாளித்தனமாகத்தான் தெரிந்தது. சாமியிடம்கூடக் கொஞ்சம் கறாராக இருக்கவேண்டும் என்று நினைப்பவள் நான், அதுவும் சாமி இல்லை என்று நினைத்துக்கொண்டே.

அந்தத் தோட்டம் தஞ்சோங் காராங் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். சேகரும் அக்காவும் பிறந்த லயம், அந்த வரிசைவீடு, இப்போது இல்லை. குலை வெட்டுவது வங்காளதேசத்துப் பையன்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் ராவாங், புஞ்சாக் ஆலாம் என்று தாமான் எனும் நகரக் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் நிற்கிறது. ஆடித் திருவிழா அன்று மரங்களுக்கு இடையில் கார்களாக நிற்கும்.

முதல் வருடம் மணியம் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து மனைவி குடம் தூக்கி வருவதைப் பார்த்தார். அடுத்த வருடம் காரைவிட்டு இறங்க முடியவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். அந்த வருடம் அண்ணியின் கைகள் நடுங்கியதில் குடத்தின் வாய்த்துணியெல்லாம் நனைந்து, சேலை முழுக்கப் பால் வழிந்தது. சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிக் குடம்தான் மிச்சம்.

அந்தத் தீபாவளிக்கு முந்திய வாரம் அண்ணன் இறந்துபோனார். மறு ஆடி துக்க வருடத்துக்குள் வந்ததால் யாரும் கோயில் பக்கம் போகவில்லை. இது அதற்கடுத்த ஆடி. மூன்றில் ஒன்று பாக்கி.

3

சுத்திகரிப்பு நாட்களில் மையத்துக்கு நானும் துணைக்குப் போவேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருப்பார். அண்ணிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஒருநாள் என் பக்கம் திரும்பினார்.

"வசந்தா, நீ என்னமோ பெரிய படிப்புப் படிச்சேன்னு சேகர் சொல்லுவான். அதுல என்னாதான் சொல்றாங்க?"

இருபது வருடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பாலர் பள்ளியில் 'அணில், ஆடு' சொல்லிக் கொடுப்பவளிடம் இதை யார் கேட்பார்கள்? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். 'சுதந்திரம்', 'பொறுப்பு' என்று இரண்டு வாக்கியம் போவதற்குள் அவர் கண்கள் தொலைக்காட்சிப் பக்கம் போய்விட்டன. சரி, வேறு வழியில் போகலாம் என்று பெரட்டைப் பிடித்தேன்.

பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் விடியலில் கணக்கெழுதும் கிராணியும் வேலை வாங்கும் மண்டோரும் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த நிரை என்று மரவரிசையைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் பெரட்டு. அண்ணி சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதில் நின்றவர்.

"பெரட்டே இல்லாத ஒரு தோட்டம்னு வச்சுக்குங்க அண்ணி. கிராணி இல்ல, மண்டோர் இல்ல. உங்க நிரை எதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்களே ஒண்ணப் பாத்து எறங்கணும். தப்பா எறங்கினாலும் யாரையும் கைகாட்ட முடியாது. வாழ்க்கை அப்படித்தான்னு சொல்றாங்க."

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "சம்பளம் யாரு கொடுப்பா?"

"யாரும் கொடுக்க மாட்டாங்க."

"அப்புறம் எவன் லா வேலைக்குப் போவான்?"

கண்ணைத் திறக்காமலே மணியம் அண்ணன் சொன்னார். "நான் போவேன். வீட்டுல இவகிட்ட இருக்கறதுக்கு அது தேவல."

அறையில் இருந்த தாதிகூடச் சிரித்துவிட்டாள். அண்ணன் அவ்வளவு நன்றாகச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. இருத்தலியலுக்கு நான் செய்த ஒரே சேவை அந்தச் சிரிப்புதான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

4

கைப்பேசியில் அந்தச் செய்தி வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். சேகர் தயாராக இருந்தார்.

"க்கா, யாருக்காக வேண்டினியோ அந்த ஆளே இல்ல. ஆத்தா கைய விரிச்சிருச்சு. இன்னும் என்னா அதுக்குப் பால்?"

"ஆத்தா செய்யலன்னா அது ஆத்தா பாடு. மூணு வருசம்னு வாய விட்டவ நான்."

"செய்யாத வேலைக்குக் கூலியா? நீ பேக்டரில கொடுப்பியா?"

"கொடுக்க மாட்டேன். அது பேக்டரி."

சேகருக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் அழுகையை அடக்கினால் அது கோபமாகத்தான் வெளியே வரும், எனக்குத் தெரியும். மைத்துனரைச் சுத்திகரிப்புக்குத் தூக்கி வைத்து, தூக்கி இறக்கி, கடைசியில் கொள்ளிக்கும் ஏற்பாடு செய்தவர் அவர். அண்ணன் போன பிறகு எங்கள் வீட்டுச் சாமி அறையில் விளக்கு எரிந்தால் அது நான் ஏற்றியதுதான், நம்பாதவள் ஏற்றியது. வேடிக்கையான குடும்பம்.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. என்னிடம் சொன்னார். பால்குடம் என்றால் மஞ்சள் சேலை, நெற்றியில் குங்குமம், கையில் காப்பு. கணவனை இழந்தவள் அந்தக் கோலத்தில் வந்தால் அத்தனை சொந்தமும் ஒரு பார்வை பார்க்கும். ஏற்கெனவே ஓர் உறவுக்காரர் போன் போட்டு, "அஞ்சலைக்கு இனிமே இதெல்லாம் எதுக்குப்பா?" என்று அக்கறையோடு கேட்டுவிட்டார். இங்கே கோயிலில் அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. பார்வைக்குச் சட்டம் தேவையில்லையே.

நான் யார் பக்கம்? சொல்லிவிடுகிறேன், சேகர் பக்கம்தான். ஒப்பந்தம் முறிந்துவிட்டது, இனி தூக்குவது வெறும் பழக்கம், பயம், ஊர் பேச்சு என்று என் படிப்பும் சேர்ந்து சொன்னது.

மகள் தர்ஷினி கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை அழைப்பாள், ஆங்கிலத்துக்கு நடுவே அங்கங்கே தமிழ் தூவிப் பேசுவாள். விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா போய்ட்டாருல்ல மா. தென் வாட்ஸ் த பாயிண்ட்?"

"அத அத்தையத்தான் கேக்கணும்."

"ஆனஸ்ட்லி, எனக்கு எதுலயுமே பாயிண்ட் தெரியல மா இப்பல்லாம். காலைல எந்திரிக்கறதுலகூட."

இதற்காகவே கடவுள், இல்லை, யாரோ என்னைத் தத்துவம் படிக்க வைத்தார்கள் என்று நினைத்தேன். "தர்ஷினி, கேளு, இதப் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னா..." என்று ஆரம்பித்தேன். அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அன்று சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

5

சேகர் என்ன செய்தார் தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் தோட்டத்துக் கோயிலுக்குப் போனார். சாமியோடு பேச்சுவார்த்தை இல்லாத மனிதர், பூசாரியைப் பிடித்து அக்காவின் வேண்டுதலைக் கழித்துவிடச் சொன்னார். அதற்கும் ஒரு முறை உண்டு. தேங்காய் உடைத்து, எலுமிச்சை சுற்றி, மஞ்சள் துணியில் காசு முடிந்து, "தெரியாமச் சொன்ன வாக்கு, மன்னிச்சு விட்டுரு தாயே" என்று அம்மன் காலடியில் வைக்கவேண்டும். எல்லாம் செய்து குங்குமப் பொட்டலத்தோடு அக்கா வீட்டுக்குப் போய் மேசையில் வைத்தார். நானும் கூட இருந்தேன். காய்கறி வாங்கத்தான் போகிறோம் என்று வழியில் வீட்டில் நிறுத்தி என்னை ஏற்றியிருந்தார்.

"முடிச்சாச்சு க்கா. ஆத்தா விட்டுருச்சு. இனிமே நீ யாருக்கும் ஒண்ணும் செய்ய வேணாம்."

அண்ணி பொட்டலத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"நான் ஒன் வாயாலயாடா வேண்டினேன்?"

அவ்வளவுதான். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியே வந்தோம்.

அதன் பிறகு அவர் வரவில்லை, அழைக்கவில்லை. சேகர் சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. அக்காவை ஊர்க் கண்ணிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இன்னொரு பக்கம், அந்தக் கதவைப் பிடித்திருந்த கையை மறக்க முடியவில்லை. அந்தப் பெண்மணியிடம் மிச்சம் இருந்த ஒரே வேலையையும் நாங்கள் பிடுங்கிவிட்டோமோ என்று உறுத்தியது.

திருவிழா நெருங்கிய ஒரு சனிக்கிழமை கார் வந்து நின்றது. அண்ணி இறங்கி, செருப்பைக் கழற்றி, நேராகச் சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்தார்.

"கோயில்ல பேரு கொடுத்துட்டு வந்துட்டேன்."

சேகர் கூடத்திலிருந்து ஓடிவந்தார். "அதான் கழிச்சாச்சே க்கா! உனக்கு இனிமே எடுக்க வேண்டிய கட்டாயமே இல்ல!"

"இல்லல்ல?" என்றார் அண்ணி. "அதான் எடுக்கறேன்."

சேகர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். திருவிழாவுக்கு வரமாட்டேன், யாரும் கூப்பிடாதீர்கள் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார். அண்ணி தேங்காய்த் துருவியை என் கையிலிருந்து வாங்கி, தானே துருவ ஆரம்பித்தார். சும்மா பேசத் தெரியாது அவருக்கு, கை ஏதாவது செய்யவேண்டும்.

"அவன் செஞ்சதுக்கு மொதல்ல அடிக்கலாம்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். மொத ரெண்டு வருசம் நான் பயந்துதான் தூக்கினேன், வசந்தா. கால் தடுக்கினா அவருக்கு ஆகாது, பால் சிந்தினா அவருக்கு ஆகாதுன்னு. கோயில் எப்படி இருந்துச்சு, மேளம் அடிச்சாங்களா, ஒண்ணும் தெரியாது. இப்ப சிந்தினா என்னா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது அண்ணி."

"தூக்கலன்னா?"

"அப்பவும் ஒண்ணும் ஆகாது."

"அதான். யாருக்கும் பயந்து இல்ல, யாருகிட்டயும் கேட்டு இல்ல. ஒரு தடவயாச்சும் சும்மா தூக்கிப் பாக்கணும் லா."

திருச்சி விடுதி மொட்டைமாடியின் காற்று அன்று என் சமையலறைக்குள் வந்தது. என் படிப்பு எல்லாம் எந்தப் பக்கம் நின்றிருக்கவேண்டுமோ அந்தப் பக்கத்தில் அண்ணி தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. வெட்கம் ஒன்றும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. "சேலை எடுக்கப் போலாமா அண்ணி?" என்று கேட்டேன்.

"நல்ல மஞ்சளா பாப்போம்" என்றார். "கடக்காரன் சந்தன கலர்னு எதையாச்சும் காட்டி ஏமாத்தப் போறான்."

6

திருவிழா அன்று பழைய பம்பு வீட்டருகே குளித்து, குடங்களுக்குப் பூசை போட்டுப் புறப்பட்டார்கள். அண்ணி நல்ல மஞ்சளில் இருந்தார். தலையில் குடம், நெற்றி நிறையக் குங்குமம். உறவுக்காரப் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து எதிர்பார்த்த பார்வை வந்தது, வந்து அவர் மேல் விழுந்தது. அண்ணி அவர்களைப் பார்த்து, "சின்னம்மா, சாப்டாம போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். சின்னம்மா என்ன செய்வதென்று தெரியாமல் தலையாட்டினார்.

தர்ஷினி வந்திருந்தாள். படம் எடுக்க வந்தேன் என்றாள். கொஞ்ச தூரத்தில் பார்க்கிறேன், அத்தையின் செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நடக்கிறாள். படம் எடுக்கக் கை இல்லை. அவளை எதுவும் கேட்கவில்லை. அவளும் பாயிண்ட் என்ன என்று கேட்கவில்லை.

தோட்டச் சாலையில் தார் பழுக்கக் காய்ந்திருந்தது. வெறுங்காலோடு நடப்பவர்களுக்காக வழக்கமாக யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள். வளைவில் ஒரு லோரி நின்றது. அதன் மேல் நீல நிறத் தண்ணீர்த் தொட்டி, கீழே ரப்பர் குழாயோடு ஓர் ஆள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். வரமாட்டேன் என்று சொன்ன சேகர்தான்.

அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தாரை மட்டும் பார்த்துத் தண்ணீரை அடித்துக்கொண்டே பின்னோக்கி நடந்தார். அவர் நனைத்துவிட்ட இடத்தில் அண்ணி கால் வைத்தார்.

"சில்லுனு இருக்குடா" என்றார் அண்ணி.

சேகர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

அண்ணி அவசரப்படவில்லை. மேளக்காரர்களை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். இரண்டு வருடமாகப் பார்க்காததையெல்லாம் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் கொண்டுபோவது போல நடந்தார்.

சந்நிதியில் வரிசை நகர்ந்தது. முந்திய இரண்டு வருடமும் பூசாரி கேட்பதற்கு முன்பே கணவர் பெயரைச் சொல்லியவர் அண்ணி. இப்போது பூசாரி கையை நீட்டியபடி கேட்டார். சேகர் அன்று வந்து கழித்துவிட்டுப் போனது அவருக்கு நினைவிருந்திருக்கவேண்டும், குரலில் ஒரு தயக்கம்.

"யாரு பேருக்கும்மா?"

"அஞ்சலை."

"உங்க பேருக்கா? நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. தோட்டத்துல பொறந்தவ. எவன் எழுதி வச்சான்?"

"வேண்டுதல்?"

அண்ணி அம்மனை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ரொம்ப நாள் பழகிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. ஊத்துங்க."

பூசாரி குடத்தை வாங்கி வாய்த்துணியை அவிழ்த்தார். துணி காய்ந்தே இருந்தது. பால் கழுத்துவரை அப்படியே நின்றது.